இரண்டு சீட்டு தள்ளி

கதவு பாதி மூடிவிட்டது. தெரேசா குடையைக் குறுக்கே நுழைத்தாள்.

கதவு உடைந்தால் யார் பதில் சொல்வது என்று டிரைவர் மலாயில் கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். சில்லறையைப் பெட்டியில் கொட்டினாள். தூறலில் நனைந்த குடையை உதறுகிற சாக்கில் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் மூச்சே விட்டாள்.

முன்னால் ஜன்னலோரம் மகள் கிறிஸ்டல். நீல நிறச் சீருடை, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, மடியில் பை.

இரண்டு சீட்டு தள்ளி, பச்சைத் தொப்பி.

பெவர்லி சொன்னது பொய்யில்லை. ஆள் இருக்கிறான்.

“நான் மூணு தடவை பாத்துட்டேன் தெரேசா,” என்று பக்கத்து வீட்டு பெவர்லி முந்தாநாள் துணி காயப்போடும்போது சொன்னாள். “ஒன் மக பஸ்ஸு ஏறுனா அவனும் ஏறுறான். அவ நின்னா அவனும் நிக்கிறான். கெழவன்தான். ஆனா கெழவனுங்களத்தான் நம்பவே கூடாது. நான் சொல்றதச் சொல்லிட்டேன்லா.”

அன்றிலிருந்து தெரேசாவுக்குச் சோறு இறங்கவில்லை. பங்குக் கோயில் பாலர் பள்ளியில் சமையல் வேலை அவளுக்கு. இன்று காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, டத்தோ கிராமாட் மார்க்கெட்டில் கோழிக்கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். “அக்கா, கோழி வேணுமா, இல்ல எங்கிட்ட ஒளிஞ்சு விளையாடுறீங்களா?” என்று கடைக்காரன் கேட்டபோதும் தலையை வெளியே நீட்டவில்லை.

கிறிஸ்டலுக்கு இருபத்தாறு வயது. டவுன் சின்ட்ரோம். பிறந்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் மகளைத் தனியாக வாசல் தாண்ட விடாதவள் தெரேசா. போன வருஷம்தான், கணவர் ரேமண்ட் பிடித்த பிடிவாதத்தில், பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். “நாம செத்தா இவ என்ன பண்ணுவா? ஒன் சேலை நுனியைப் பிடிச்சுக்கிட்டு ஒங்கூடவே குழிக்குள்ள வருவாளா?” என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் அவர்.

நிலையத்திலிருந்து வந்தவள்தான் ஹுஸ்னா. ஜாப் கோச், அதாவது கூடவே இருந்து வேலை பழக்கிவிடுகிறவள். பூலாவ் தீக்கூஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் கிறிஸ்டலுக்குத் துண்டு மடிக்கும் வேலை பார்த்துக் கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? தினம் கூடவே போனாள். வேலை செய்யும் இடத்தில் கூடவே நின்றாள். பஸ் நிறுத்தம், பஸ், பெல் பொத்தான், சிக்னல், ஹோட்டல் பின்கேட் என்று எல்லாவற்றையும் படமெடுத்து, தொலைந்தாலும் இருக்கட்டும் என்று நாலைந்து பிரதி போட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்தாள்.

அதுவரை தெரேசாவுக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அப்புறம்தான் கோளாறு. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் எதிர் சீட்டுக்கு மாறினாள். அங்கிருந்து இரண்டு சீட்டு தள்ளிப் போனாள். கடைசியில் கிறிஸ்டல் ஒரு பஸ்ஸிலும் அவள் அடுத்த பஸ்ஸிலுமாக வந்தார்கள். கிறிஸ்டல் தடுமாறினால்கூட ஹுஸ்னா வாயைத் திறக்க மாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி நிற்பாள்.

“சம்பளத்த வாங்கிக்கிட்டு நழுவப் பாக்கிறா,” என்று தெரேசா கணவரிடம் பொருமினாள். ஹுஸ்னாவிடமே கேட்டும் விட்டாள்.

“ஆன்டி, நான் கையைக் கட்டலேன்னா என் கை தானா போய் ஒதவி பண்ணிடும்,” என்று சிரித்தாள் அவள். “நான் இல்லாமப் போறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே.”

இதென்ன பேச்சு என்று தெரேசாவுக்குப் பட்டது. பேச்சை மாற்றி, “அந்தச் சீனப் பையன், பெட்ஷீட் எடுக்கிறவன், இன்னும் அழறானா?” என்று கேட்டாள்.

“அது சொல்லக் கூடாது ஆன்டி. ட்ரெய்னிங்ல இருக்கிறவங்களப் பத்தி வெளிய பேசக் கூடாது. வீட்ல கேட்டாலும் மூச்சு விடக் கூடாது. அது ரூல்.”

பக்கத்தில் நின்ற கிறிஸ்டல், “ரூல்,” என்று தலையாட்டினாள்.

அந்த ஹுஸ்னா பஸ்ஸில் வருவதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். ஹோட்டலில் கிறிஸ்டலை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளத் தயார். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. காலையில் மகள் தனியாக பஸ்ஸில் போக அம்மாவும் அப்பாவும் மனதாரச் சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்றால் வேலை அவளுக்கு. இல்லையென்றால், நிலையத்தில் காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கு.

பஸ் குலுங்கி நின்றது. பச்சைத் தொப்பிக்காரன் திடுக்கிட்டு வெளியே எட்டிப் பார்த்தான். உடனே கிறிஸ்டலைப் பார்த்தான். அவள் அசையவில்லை. அவனும் அசையவில்லை.

தெரேசாவின் விரல்கள் செபமாலையைத் தேடின.

இந்த ஒரு மாதத்தில் வீட்டில் நடந்தவை எல்லாம் வரிசையாக மனதில் ஓடின. எட்டு மணி பஸ்ஸில் போனாலே வேலைக்குச் சரியாக இருக்கும். கிறிஸ்டல் அதற்கு முந்தின பஸ்ஸில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏன் என்றால், “டைம் வேணும்மா.” எதற்கு டைம் என்றால், வாய் பூட்டு. ஹோட்டலுக்கு போன் போட்டால், “கிறிஸ்டல் சரியான நேரத்துக்கு வருது, முன்கூட்டி ஒரு நாளும் வந்ததில்லை,” என்றார்கள். அப்படியென்றால் இடைப்பட்ட நேரம் எங்கே போனது?

வளையத்தில் கோத்த படங்களில் பாதியைக் காணவில்லை. கேட்டால், “வேற ஆளுக்கு வேணும்.” எந்த ஆளுக்கு? தரையைப் பார்ப்பாள்.

பையில் கறிபாப் வாங்கிய காகித உறை இரண்டு. அவள் சாப்பிடுவது ஒன்றுதான். இன்னொன்று யாருக்கு? “ஃப்ரெண்டு.” அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு. பிறந்ததிலிருந்து பொய் சொல்லத் தெரியாத பிள்ளையின் முகத்தில் ஒரு ரகசியச் சிரிப்பு.

ரேமண்டிடம் சொன்னாள். அவர் முழங்கால் ஆபரேஷன் செய்த காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். “சும்மா இல்லாததையெல்லாம் நெனச்சு பயப்படாத. யாரோ வேலைக்குப் போற ஆளா இருக்கும்,” என்றவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். சீனியே போடாத கோப்பியைக் கரண்டியால் கலக்கு கலக்கென்று கலக்கினார். அதையும் தெரேசா கவனித்து வைத்திருந்தாள்.

கொம்தாரில் கூட்டம் இறங்கியது. தூறல் நின்று, ஈரத் தாரிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கிறிஸ்டல் சிக்னல் கம்பத்தருகே போய் நின்றாள். நடக்கச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாரும் கடந்தார்கள். அவள் கடக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

‘போடி, பச்சை விழுந்திருச்சு, போ!’ தெரேசா தூணுக்குப் பின்னால் பல்லைக் கடித்தாள்.

தொப்பிக்காரன் ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து வந்து சேர்ந்தான். விளக்கு மறுபடி சிவந்து, மறுபடி பச்சையானது. அவன் ஓர் அடி வைத்தான். அப்புறம்தான் கிறிஸ்டல் நடந்தாள்.

காத்திருந்திருக்கிறாள்! அவனுக்காகக் காத்திருந்திருக்கிறாள்!

எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் கறிபாப் பொரிந்துகொண்டிருந்தது. கிறிஸ்டல் இரண்டு வாங்கினாள். நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒன்றைத் தின்றாள். இன்னொன்றை உறையோடு பெஞ்சில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனாள். தொப்பிக்காரன் இப்படியும் அப்படியும் பார்த்தான். மெல்லப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான். உறையை எடுத்தான்.

தெரேசாவின் காதெல்லாம் சுட்டது. ஒரு வார்த்தை பேச்சில்லை, ஒரு பார்வை இல்லை. எவ்வளவு பழகியிருந்தால் இப்படி நடக்கும்! என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறான் இந்தப் பாவி! இப்போதே பாய்ந்து பிடிக்கலாம். பிடித்தால் நழுவிவிடுவான். எங்கே கூட்டிப் போகிறான் என்று பார்த்துவிட வேண்டும்.

பூலாவ் தீக்கூஸ் பஸ்ஸிலும் அதே கதை. இரண்டு சீட்டு தள்ளி. மாதா கோயில் தாண்டியது. அடுத்த நிறுத்தம் ஹோட்டல். பெல் அமுக்க வேண்டும். கிறிஸ்டல் அமுக்கவில்லை. அவள் தலைக்கு மேலேயே இருக்கிறது சிவப்புப் பொத்தான். அவள் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறுத்தம் நெருங்கிவிட்டது. தொப்பிக்காரன் பதறி எழுந்து கம்பியில் இருந்த பொத்தானைக் குத்தினான். பஸ் நின்றது.

இறங்கும்போது கிறிஸ்டல் சீட்டில் ஏதோ வைத்தாள். சின்னதாக, பளபளவென்று. அவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கிறிஸ்டல் ஹோட்டல் பின்கேட்டில் நுழைந்து மறைந்ததும் தெரேசா பாய்ந்தாள்.

“யோவ்! நில்லுய்யா!”

பின்னங்கழுத்துச் சட்டை அவள் கையில் சிக்கியது. தொப்பி பறந்து சாக்கடை ஓரம் விழுந்தது.

“அல்லாவே! யாரும்மா நீ?”

“நான் யாருன்னா கேக்கிற? தெனம் ஒரு பொண்ணு பின்னால நாய் மாதிரி அலையிறியே, அந்தப் பொண்ணப் பெத்தவ! எடு, பையில என்ன வச்சிருக்க? எடுய்யா! ஜாகா! ஜாகா!”

அவள் கூப்பிட்ட குரலுக்குக் கேட்டில் இருந்த காவலாளி எழுந்து நின்று பார்த்தான். கிழவர் சட்டைப் பையைத் தடவினார். படங்கள் நாலைந்து தரையில் சிதறின. சிக்னல் படம். பஸ் படம். சிவப்புப் பொத்தான் படம். மகளின் வளையத்திலிருந்து காணாமற்போனவை.

“பாத்தியா, பாத்தியா! எம் புள்ளை பொருள் ஒங்கிட்ட எப்படி வந்துச்சு? போலீசக் கூப்பிடுறேன் இரு!”

“நீங்க… ரேமண்டு சம்சாரமா?”

தெரேசாவின் பிடி தளர்ந்தது.

“என்னா சொன்ன?”

“ரேமண்டு சொல்லித்தாம்மா வர்றேன். ஒங்ககிட்டச் சொல்லலியா அவரு? யா அல்லா, சொல்லித்தான் அனுப்புறாருன்னு நெனச்சேனே!”

பெயர் முகம்மது கனி. பெண்டாட்டி தவறிப்போனதும் சுங்கை பாக்காப் வீட்டைப் பூட்டிவிட்டு, மகன் ஷஃபீக்கோடு டத்தோ கிராமாட்டுக்கு வந்தவர். கோப்பிக்கடையில் ரேமண்டோடு தாயம் ஆடப்போய் பழக்கம். தெருவோரக் கடையில் பால் கலக்காத தே ஓ வாங்கி அவளுக்கும் ஒன்றை நீட்டிவிட்டு, கிழவர் தொப்பியைத் துடைத்தபடி சொன்னார்.

“அவருக்குக் கால் முடியல. எம் பொண்ணு தனியாப் போறா, மனசு கேக்கல, கொஞ்சம் கண்ணு வச்சுக்கங்கன்னாரு. எனக்கும் வீட்ல குந்தியிருக்க முடியல. மருமவ ஹாலைக் கூட்டும்போதெல்லாம் காலைத் தூக்கணும். சரின்னேன். நாப்பது வருசம் எஸ்டேட் லாரி ஓட்டுனவம்மா நான். இந்த டவுன் பஸ்ஸுதான் புதுசு. மொத நாளு காசு எங்க போடுறதுன்னு தெரியாம முழிச்சேன். டிரைவர் ஏசுறான். ஒங்க மக திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் அது எறங்குனா எறங்குறது, ஏறுனா ஏறுறது, அவ்ளோதான்.”

“ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா அவகிட்ட?”

“ரேமண்டு கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா கோவிச்சுக்குவாளாம். நானும் பேசல, அதுவும் பேசல.”

தெரேசா மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனால் கிழவர் அடுத்துச் சொன்னது அந்தப் பாதியையும் பறித்துக்கொண்டது.

“தங்கச்சி, நீங்க கேட்டதால சொல்றேன். பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா மறதி ஜாஸ்தி. தெனம் ஒரு படத்தக் கீழ விட்டுட்டுப் போகுது. நாந்தான் பொறுக்கி வைக்கிறேன். வாங்குன கறிபாப்ப பெஞ்சுல மறந்துடுது. பின்னால ஓடிப்போய்க் குடுக்கலாம்னா பேசக் கூடாதே. வீணாப் போகுமேன்னு நாந்தான் தின்னுடறேன், மன்னிச்சுக்கங்க. பச்சை விழுந்தாலும் ரோட்டக் கடக்காது. பெல்லு…” அவர் தயங்கினார். “பெல்லு அதுவா அமுக்கறதே இல்லம்மா. நான் அமுக்கலேன்னா தஞ்சோங் பூங்கா வரைக்கும் போயிரும்.”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?”

“தெனம் சொல்வேன்.”

அவள் கண்ணாலேயே பார்த்தாளே. மறுக்க என்ன இருக்கிறது? ஒரு மாதமாக ஒரு கிழவரின் விரல்தான் அவள் பிள்ளையை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அந்த விரல் ஒரு நாள் வராவிட்டால்?

தே ஓ ஆறிப்போனது. அவள் குடிக்கவில்லை.

வீட்டில் ரேமண்ட் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

“கனியப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன். சட்டையப் புடிச்சு, தொப்பியத் தட்டி, ஊரக் கூட்டி, எல்லா மரியாதையும் செஞ்சுட்டுத்தான் வர்றேன். ஏங்க, ‘தனியா விடு, தனியா விடு’ன்னு எந்த வாயால சொன்னீங்க? எனக்கு ஒரு சட்டம், ஒங்களுக்கு ஒரு சட்டமா?”

“நான் விட்டேன் தெரேசா. விட்ட மறுநாளே தூக்கம் போயிருச்சு.” அவர் முழங்காலைத் தடவினார். “காலு இருந்தா நானே பின்னால போயிருப்பேன்.”

“எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் மாதாவக் கூப்பிட்டுக்கிட்டு ராவெல்லாம் புரண்டேனே! பெவர்லி பேச்சக் கேட்டு அந்த மனுசன என்னென்னமோ நெனச்சேனே!”

“சொன்னா நீ சிரிச்சிருப்ப. ‘இப்பத் தெரிஞ்சுதா’ன்னு ஒரு வருசத்துக்குக் குத்திக் காட்டியிருப்ப.”

அது உண்மைதான். அவள் அடுப்படிக்குப் போனாள். நெத்திலியை வறுக்க எண்ணெய் ஊற்றினாள். எண்ணெய் காய்ந்து புகை வந்த பிறகுதான் நெத்திலியை இன்னும் கழுவவே இல்லை என்று கண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்தாள்.

“கனி அண்ணே சொல்றதெல்லாம் நெசமா?”

“அவருக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு?”

“நானும் பாத்தேன். பெல்லு அமுக்கலீங்க. தலைக்கு மேலயே இருக்கு, கை தூக்கல.”

ரேமண்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார். “அப்ப சாயங்காலம் அந்தப் பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்லிருவோம்.”

தெரேசா இத்தனை மாதமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். கிறிஸ்டலின் இரண்டாவது சீருடை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, “நான் ஸ்டாஃப்,” என்று மகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

“யாரு சொல்றது அவகிட்ட?” என்றாள்.

“நான் சொல்றேன்.”

“நீங்க எங்க சொல்வீங்க. கோப்பியக் கலக்கிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நாந்தான் சொல்லணும்.”

ஐந்து மணிக்கு ஹுஸ்னா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, சரிந்த தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, “ஆன்டி, கேக் ஏதும் உண்டா? கொண்டாட வேண்டிய நாளாச்சே!” என்றபடி உள்ளே நுழைந்தவள் மூவரின் முகத்தையும் பார்த்து நின்றாள். சாட்சிக்கு வந்த கனி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பச்சைத் தொப்பி மேசைமேல் இருந்தது.

தெரேசா எல்லாவற்றையும் கொட்டினாள். கனி ஒவ்வொன்றாகச் சொன்னார். முடித்ததும் தெரேசா சொன்னாள்: “எங்களுக்குச் சம்மதமில்லம்மா. ஒன்னையக் குத்தம் சொல்லல. எம் புள்ளைக்கு வரல, அவ்ளோதான்.”

ஹுஸ்னா மேசையில் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், இதெல்லாம் எங்க கெடந்துச்சு? தரையிலயா?”

“இல்லம்மா. சீட்டுலதான்.”

“படம் மேல தெரியற மாதிரியா, குப்புறவா?”

“மேல தெரியற மாதிரிதான். ஏன்?”

“எந்த எடத்துல எந்தப் படம்?”

கனி நெற்றியைச் சுருக்கினார். “சிக்னல் படம்… எறங்குறதுக்கு முன்னால, கொம்தார்ல. பொத்தான் படம் மாதா கோயில்கிட்ட. நாலஞ்சு நாளு அதே படம் கெடந்துச்சு. எத்தன வச்சிருக்கும்னு தெரியலியேன்னு நெனச்சேன்.”

“பெல் அமுக்காம இருக்கும்போது அவ எங்க பாத்துக்கிட்டிருப்பா?”

“நேரா முன்னால. ரோட்டக் கடக்கும்போதும் அப்படித்தான். கையப் பின்னால கட்டிக்கிட்டு…”

“கையப் பின்னால கட்டிக்கிட்டா?”

ஹுஸ்னாவின் குரல் மாறியது. தெரேசா அவள் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். என்னத்தையோ மறைக்கிறாள் இவள். தப்பிக்க வழி தேடுகிறாள்.

“ஏம்மா? அதுல என்ன இருக்கு?”

“கொஞ்சம் இருங்க ஆன்டி. அவளே வரட்டும்.”

கீழே ஹோட்டல் வேன் ஹாரன் அடித்தது. படியில் காலடி. கிறிஸ்டல் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்தாள். சோப்பு மணக்க உள்ளே வந்தாள். ஹுஸ்னாவைக் கண்டு முகம் மலர்ந்தாள். மேசைமேல் தொப்பியைக் கண்டாள். நாற்காலியில் கனியைக் கண்டாள்.

மலர்ச்சி போய்விட்டது. இரண்டு கையும் மெல்லப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

“இவர் ஏன் இங்க?”

“ஒனக்கு இவரத் தெரியுமா?” என்று தெரேசா கேட்டாள்.

கிறிஸ்டல் தரையைப் பார்த்தாள்.

“கிறிஸ்டல், அம்மா கேக்கறேன்ல? ஏன் பெல்லு அமுக்கல? ஒனக்கு மறந்து போச்சா?”

“மறக்கல.”

“அப்புறம் ஏன்?”

தெரேசா மேசையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

“படத்த ஏன் சீட்டுல போட்டுட்டு வர்ற?”

“போடல. வச்சேன்.”

“யாருக்கு?”

“சொல்லக் கூடாது.”

“பாத்தீங்களா!” தெரேசா ஹுஸ்னா பக்கம் திரும்பினாள். “ஒரு மாசமா இதேதான். என்ன கேட்டாலும் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது. யாரு சொல்லிக் குடுத்தா எம் புள்ளைக்கு ஒளிக்கிறதுக்கு?”

“நான்தான் ஆன்டி,” என்றாள் ஹுஸ்னா.

ரேமண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹுஸ்னா எழுந்து கிறிஸ்டலின் எதிரே போய் நின்றாள். அவளுடைய கைகளும் தாமாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. இருவரும் ஒரே மாதிரி நின்றார்கள்.

“கிறிஸ்டல், அந்த ரூல் யாரு போட்டது?”

“நீங்க.”

“இன்னைக்கு மட்டும் நான் அதை எடுத்துட்டேன். இவங்ககிட்டச் சொல்லலாம்.”

கிறிஸ்டல் யோசித்தாள். கனியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“இவர் முன்னாலயா? பாவம். வெக்கப்படுவாரு.”

“எனக்கென்னம்மா வெக்கம்?” என்றார் கனி, ஒன்றும் புரியாமல். “சொல்லு தாயி.”

கிறிஸ்டல் அம்மாவின் அருகே வந்தாள். நோயாளியின் பக்கத்தில் நின்று பேசுகிறவள்போலக் குரலைத் தாழ்த்தினாள். அறை முழுக்கக் கேட்டது.

“இவர் புது ட்ரெய்னிம்மா. காசு போடத் தெரியல. எங்க எறங்கணும்னு தெரியல. எல்லாத்துக்கும் என்னையே பாத்தாரு. நான் முன்னால ஹுஸ்னா அக்காவப் பாத்த மாதிரி. கூட யாரும் வரல இவருக்கு. அதான் நான் கோச். பசியோட ட்ரெய்னிங் போகக் கூடாது, அதான் கறிபாப். மெதுவா நடப்பாரு, அதான் முந்தின பஸ். பெல்லுதான் ரொம்பக் கஷ்டம். நான் அமுக்கிட்டா அவர் கத்துக்கவே மாட்டாரு. கையக் கட்டிக்கிட்டேன். படம் வச்சேன். வச்சு வச்சு, இப்ப அவரே அமுக்கறாரு. இன்னும் கொஞ்ச நாள். அப்புறம் நான் வேற பஸ்ஸுல போயிருவேன்.”

கனி தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்டல் அம்மாவின் முகத்தை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். பைக்குள் கையை விட்டு வளையத்தை எடுத்தாள். மிச்சமிருந்த படங்களில் முதலாவதைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள்.

“நீயும் இன்னைக்கு ஏறின. குடைய மூஞ்சில வச்சுக்கிட்டு, காசு எல்லாத்தையும் கொட்டிட்டு. நான் பாத்தேன். நீயும் புதுசாம்மா?”